அயாவோ ஸ்டீரிங் அய்யாவு

அயாவோ என்பது இத்தாலிக் கம்பெனி என்று இன்றைக்கும் சத்தியம் செய்கிறவர்கள் கிள்ளானில் இருக்கிறார்கள். ஒரு கல்யாண வீட்டில் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட ஒருவர், மிலான் நகரத்தில் அதற்குப் பெரிய தொழிற்சாலை இருந்தது என்றும் முதலாளி கார்ப் பந்தயத்தில் செத்துப்போனார் என்றும் எனக்கே விளக்கிச் சொன்னார். பாயசத்தைக் குடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டேன். அந்தத் தொழிற்சாலை பிரிக்ஃபீல்ட்ஸில், ஸ்காட் ரோட்டுக்குப் பின்சந்தில், துணி காயப்போடுகிற கொடிக்குப் பக்கத்தில் இருந்தது. முதலாளி அய்யாவு என் அக்காவின் புருஷன். அவர் எங்கேயும் சாகவில்லை. அந்த நேரம் அடுத்த வரிசையில் உட்கார்ந்து இரண்டாவது தடவையாக ரசம் கேட்டுக்கொண்டிருந்தார்.

என் பெயர் தங்கமணி. அயாவோ ஸ்டீரிங்குகளில் பாதிக்குமேல் தைத்தது நான்தான். அந்தப் பெயரை வைத்ததும் நான்தான், ஆனால் அதை யாரும் எங்கேயும் சொல்வதில்லை.

மாமா காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். பதினைந்து வயதில் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்து ஒரு சீனர் நடத்திய குஷன் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கார் சீட், லோரி சீட், சோபா என்று கிழிந்தது எதுவானாலும் தைப்பார். வளைந்த ஊசி ஒன்றை எப்போதும் சட்டைக் காலரில் குத்தி வைத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பத்து தீகா என்கிற ஊரின் பந்தயத் திடலில் கார்ப் பந்தயம் பார்க்கப் போய்விடுவார். எழுபத்து நாலாம் வருஷம் அங்கே ஓர் ஓட்டுநரின் ஸ்டீரிங் தோல் பிரிந்து தொங்க, தைக்கத் தெரிந்தவன் யாராவது உண்டா என்று ஒருவர் கத்தியிருக்கிறார். மாமா வேலியைத் தாண்டிக் குதித்துவிட்டார். இருபது நிமிஷத்தில் தைத்துக் கொடுத்தார். தைக்கும்போதே அந்த ஸ்டீரிங் எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்பதையும் விரலால் தடவித் தடவிப் படித்துவிட்டார். அந்த ஓட்டுநர் நன்றி சொன்னாரோ இல்லையோ, எங்கள் குடும்பத்துக்கு ஒரு பிழைப்பைக் கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டு வருஷம் கழித்து மாமா சொந்தமாகக் கடை போட்டார். அதே வருஷம் என் அக்கா சீதாலெட்சுமியைக் கல்யாணம் செய்தார். நானும் அதே வருஷம் எல்.சி.இ. பரீட்சையில் கணக்குப் பாடத்திடம் தோற்று, தையல் மெஷினுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தேன். ஸ்டிக்கர் அடிக்கிறவன் பெயர் கேட்டபோது மாமா பெருமையாக "அய்யாவு" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

"மாமா, அப்படிப் போட்டா கருவேப்பிலை விக்கிற கடைன்னு நெனைப்பாங்க லா. ஒரு எழுத்தை எடுத்துட்டு, கடைசி எழுத்தை மாத்துங்க. அயாவோன்னு போடுங்க."

"அது என்னா அர்த்தம்?"

"அர்த்தம் இல்லாததுதான் விக்கும்."

விற்றது. முதலில் ஸ்டிக்கர்தான் விற்றது. சிவப்பும் மஞ்சளுமாக மூன்று சாய்ந்த கோடு, பக்கத்தில் அயாவோ. அதைப் பின்கண்ணாடியில் ஒட்டினால் வண்டி பத்து கிலோமீட்டர் கூடுதலாக ஓடும் என்று நம்பிய பையன்கள் பண்டமாரானிலிருந்து கம்போங் மேடான் வரை இருந்தார்கள். அப்புறம் கியர் குமிழ், அகலக் கண்ணாடி, பந்தயக் கார் மாதிரி இடுப்பைப் பிடிக்கிற சீட் உறை. ஆனால் மாமாவின் உயிர் இருந்தது ஸ்டீரிங்கில்தான்.

இரும்புக் குழாயை வட்டமாக வளைத்து, மேலே நுரை ரப்பர் சுற்றி, அதற்குமேல் தோலை இழுத்துத் தைப்போம். ஸ்டீரிங்கையும் வண்டியின் தண்டையும் நடுவில் சேர்க்கிற அலுமினியத் துண்டுக்குக் கடையில் குடம் என்று பேர். மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுக்கட்டைக்குத் தோட்டத்தில் சொல்கிற பேரை மாமா இதற்கும் வைத்துவிட்டார். குடத்தின்மேல் ஹாரன் பட்டன் உட்காரும். குழாயும் குடமும் மாமாவின் வேலை. தையலும் பட்டனும் அக்காவுக்கும் எனக்கும். அவர் எங்கள் மேசைக்கு வரமாட்டார், நாங்கள் அவர் மேசைக்குப் போகமாட்டோம். அந்த ஏற்பாட்டில்தான் பின்னால் சனியன் புகுந்தது.

எழுபத்தொன்பதில் ரயில்வே குவார்ட்டர்ஸ் விஜயன் எங்கள் ஸ்டீரிங்கை மாட்டிக்கொண்டு பத்து தீகாவில் ஓடினான். மெக்கானிக், நல்ல பையன், மூளை மட்டும் கொஞ்சம் கம்மி. ஒரு வளைவில் நேராகப் போய்த் தடுப்பில் மோதினான். தோள்பட்டை எலும்பும் இரண்டு விலா எலும்பும் முறிந்தன. எங்கள் குடம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. மோதியதால் குடம் உடைந்ததா, குடம் உடைந்ததால் மோதினானா?

"நான்தாண்ணே பிரேக்க லேட்டா மிதிச்சேன். உங்க ஸ்டீரிங் மேல குத்தம் இல்ல," என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து விஜயன் சொன்னான். மாமா தலையை ஆட்டினார். நம்பவில்லை. மூன்று மாதம் சீட் உறை தவிர வேறெதுவும் செய்யவில்லை. பிறகு குடத்தின் கனத்தை இரண்டு மடங்காக்கி மறுபடியும் ஆரம்பித்தார். ஆனால் அந்தக் கேள்வி அவரை விட்டுப் போகவே இல்லை. கடைக்குப் போலீஸ்காரர் எவராவது ஸ்டிக்கர் வாங்க வந்தால்கூட மாமாவின் முகம் வெளிறிவிடும்.

அவரைப் பார்த்து அக்காவுக்கும் பயம் பிடித்துக்கொண்டது. அவள் கிள்ளானில் ஒரு பூசாரியிடம் போய்ச் செம்புத் தகடு வாங்கி வந்தாள். ஐம்பது காசு நாணயத்தின் அகலம், மேலே ஒரு வேல் கீறியிருக்கும். ஸ்டீரிங்குக்கு ஒன்று என்று ஹாரன் பட்டனின் உள்பக்கத்தில் ஒட்ட ஆரம்பித்தாள்.

"புது வண்டிக்கு எலுமிச்சம்பழத்த டயருக்கு அடியில வச்சுப் பூச போடறோமா இல்லியா? ஸ்டீரிங்குக்கு மட்டும் காவல் வேணாமா?"

"மாட்டுத்தோலுக்கு நடுவுல முருகனை உக்கார வைக்கிறியேக்கா, அவருக்குச் சம்மதமான்னு கேட்டியா?"

"வாய மூடிட்டு ஒட்டுடி."

மாமாவிடம் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பார் என்று இருவருக்கும் தெரியும். ஆக, மலாய்க்காரர், சீனர், சீக்கியர், மாதா கோவிலுக்குப் போகிறவர் என்று யார் வாங்கினாலும் அவர் கைக்கு நடுவே ஒரு வேல் இரகசியமாகப் போய்க்கொண்டிருந்தது. அக்காவுக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது, ஆனால் சிரிப்பாகவும் இருந்தது. சிரித்துக்கொண்டே ஒட்டினேன்.

ஆரம்பத்தில் இரண்டு டியூப்பைக் கலந்து செய்கிற கெட்டியான பசையில் ஒட்டினோம். அது ஒட்டினால் ஒட்டியதுதான், சுத்தியலால் அடித்தாலும் வராது. எண்பத்தைந்தில் நம் நாட்டுக் கார் வந்து தெருவெல்லாம் புது வண்டி ஆனதும் மாதத்துக்குப் பத்து ஸ்டீரிங் விற்ற கடையில் அறுபது கேட்டார்கள். பசையைக் கலந்து, காயவைத்து, காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. தோல் ஒட்டுகிற மஞ்சள் பசையை ஒரு இழுப்பு இழுத்துத் தகட்டை அழுத்திவிட்டேன். ஒரு நிமிஷத்தில் முடிந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

இனி சுஹைமி. காப்பார் மின்நிலையத்தில் டெக்னீஷியன். பழைய கொரோலா ஒன்றை வைத்துக்கொண்டு பத்து தீகாவில் ஓடுவார். ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை, அதற்காக வருத்தப்பட்டதும் இல்லை. ஐந்து வேளை தொழுகிற மனிதர். முதல் தடவை கடைக்கு வந்தபோது ஸ்டீரிங்கைத் தொடாமலே கேட்டார், இது பன்றித்தோல் இல்லையே என்று. மாமா எழுந்து நின்று, ஐயா என்பதற்கு மலாயில் சொல்கிற மரியாதையோடு ஆரம்பித்தார்: "என்சிக், இது மாட்டுத்தோல். இதுக்குள்ளே நீங்க வேணாம்னு சொல்ற பொருள் ஒண்ணுகூட இருக்காது. என் வாக்கு." நான் என் மேசையில் குனிந்து நூல் கோத்தேன். கோக்கவே முடியவில்லை.

எண்பத்தாறாம் வருஷம் அவர் இரண்டாவது ஸ்டீரிங் வாங்கினார். மஞ்சள் பசை ஸ்டீரிங். மாட்டி ஒரு மாதம் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை மதியம், காப்பார் மசூதிக்கு வெளியே கொளுத்துகிற வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டுத் தொழப் போனார். உள்ளே பிரசங்கம் நடக்கும்போது வெளியே அவருடைய ஹாரன் தானாக அலற ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. ஊரே திரும்பிப் பார்க்க, அவர் செருப்பு இல்லாமல் ஓடிவந்து பேட்டரி வயரைப் பிடுங்கினார்.

மறுநாள் காலையில் கடைக்கு வந்து இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மாமா சிரிக்கவில்லை. ஹாரன் தானாக அடிக்கிறதென்றால் உள்ளே ஏதோ நகர்ந்து போய் இரும்பைத் தொடுகிறது. பட்டனுக்கு அடியில் நகரக்கூடியது குடம் ஒன்றுதான். குடம் ஆடினால் ஓடுகிற வண்டியில் ஸ்டீரிங் கையோடு கழன்று வந்துவிடும். மாமாவின் மண்டைக்குள் விஜயன் மறுபடியும் தடுப்பில் மோதினான்.

"இத மாட்டிட்டு நீங்க ஓட்டக்கூடாது, என்சிக்."

"அடுத்த ஞாயிறு ரேஸ் இருக்கு, அய்யாவு."

"வேணாம். நான் பார்த்துச் சொல்றேன்."

அவருடைய ஸ்டீரிங்கைக் கழற்றி, கார்க் கம்பெனிக்காரன் கொடுத்த பழைய ஸ்டீரிங்கை மாட்டி அனுப்பினார். பட்டனைச் சில்லறைச் சாமான் என்று எங்கள் மேசைப் பக்கம் தூக்கிப் போட்டுவிட்டு, குடத்தை இடுக்கியில் வைத்து ரம்பத்தால் அறுத்தார். உள்ளே ஒரு கீறல்கூட இல்லை. அதனால் அவருக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கீறல் இருக்கும், என் கண்ணுக்குத்தான் தெரியவில்லை என்றார்.

அந்த வாரம் நல்ல வெயில். திங்கள்கிழமை பண்டமாரானிலிருந்து மீன் விற்கிற சீனர் போன் செய்தார். செவ்வாய்க்கிழமை கம்போங் மேடானிலிருந்து ஒருவர், கிள்ளானிலிருந்து இருவர். எல்லோர் வண்டியிலும் அதே கதை, நிறுத்தி வைத்த வண்டி மதியத்தில் தானாகக் கத்துகிறது. மாமா கடையில் இருந்த ஸ்டீரிங்குகளை ஒவ்வொன்றாக எடுத்து அறுத்தார். ஒவ்வொன்றும் நல்ல சாமான், நான் தைத்த தையல். தரை முழுக்க அலுமினியப் பொடி. சோற்றை வைத்தால் இரண்டு வாய் அள்ளிவிட்டுக் கையைக் கழுவிவிடுவார்.

மாமா தூக்கிப் போட்ட சுஹைமியின் பட்டனை நான் எடுத்துப் பார்த்தது திங்கள்கிழமை. தகடு ஒரு ஓரம் பிரிந்து, மஞ்சள் பசை நூல் நூலாக இழுத்துக்கொண்டு கீழே தொங்கியது. செம்பில் மின்சாரம் ஓடும் என்பது எல்.சி.இ. தோற்றவளுக்கும் தெரியும். வெயிலில் பசை உருகி, தகடு நழுவி, ஹாரன் கம்பிக்கும் இரும்புக்கும் நடுவில் பாலம் போட்டுவிட்டது. பட்டனை முந்தானையில் மறைத்து அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லாதடி. அவரு வாக்குக் குடுத்து வித்திருக்காரு. நான் அவர பொய்யனாக்கிட்டேன்னு தெரிஞ்சா என் மொகத்துல முழிக்க மாட்டாரு."

"அங்க உக்காந்து அறுக்கிறாரேக்கா."

"ரெண்டு நாள்ல தானா விட்டுடுவாரு."

விடவில்லை. மூன்று நாள் நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு என்மேல் எரிச்சலாக வருகிறது. ஊருக்கெல்லாம் வாய் பேசுகிறவள், பேச வேண்டிய இடத்தில் ஊமையாக உட்கார்ந்து நூல் கோத்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி அந்த மஞ்சள் பசை.

வியாழக்கிழமை காலையில் மாமா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்து டெலிபோன் பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் ஒரு காகிதம். நான் எட்டிப் பார்த்தேன். அயாவோ ஸ்டீரிங் மாட்டிய வண்டியை யாரும் ஓட்ட வேண்டாம், உயிருக்கு ஆபத்து, கடை மூடப்படுகிறது. பத்திரிகைக்குக் கொடுக்கப்போகிற அறிவிப்பு.

"மாமா, என்னா இது?"

"ஒருத்தன் செத்தாலும் நான் கொலகாரன்தான், மணி. பத்து வருஷம் போதும்."

நம்பரைச் சுழற்ற ஆரம்பித்தார். நான் போய் டெலிபோனை அழுத்தி வைத்தேன். பட்டனை அவர் முன்னால் போட்டேன். தகட்டையும் சொன்னேன், எத்தனை வருஷமாக என்பதையும் சொன்னேன், பசையையும் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

அறை விழவில்லை. கண்ணைத் திறந்தால் மாமா ஆளே இல்லை. பின்பக்கம் போய் ஒரு பேட்டரியையும் ஹாரனையும் தூக்கி வந்தார். வயரை முறுக்கி, பட்டனை வைத்து, ஈயம் உருக்குகிற கம்பியைச் சூடாக்கிப் பட்டனுக்குப் பக்கத்தில் பிடித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு தகடு மெல்ல நழுவியது. ஹாரன் சந்தே அதிர அலறியது. அடுத்த வீட்டுக் குழந்தை அழ ஆரம்பித்தது. மாமா வயரைப் பிடுங்கினார். தகட்டை எடுத்து ஒட்டிவிட்டு மறுபடியும் செய்தார். மறுபடியும் அலறியது.

"தகடா?" என்றார்.

"ஆமா மாமா."

"தகடுதானா? குடம் இல்லியே?"

"குடம் இல்ல மாமா."

"குடம் இல்ல," என்று அவரே சொல்லிக்கொண்டு, வெள்ளைச் சட்டையோடு அலுமினியப் பொடிக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரித்தார். சிரிப்பு எங்கேயோ போய் அழுகையாக மாறியது, அழுகை மறுபடியும் சிரிப்பானது. கதவுக்குப் பின்னால் நின்ற அக்கா பயந்துபோய் ஓடிவந்து அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நானும் அழுதேன். ஏழு வருஷமாக அந்த மனிதர் நெஞ்சில் தூக்கிச் சுமந்ததில் பெரும்பாதி அந்தத் தரையில் இறங்கியதை நான் பார்த்தேன். அதற்காக எத்தனை அறை வேண்டுமானாலும் வாங்கியிருப்பேன்.

அப்புறம் திட்டினார். எங்கள் இருவரையும் நிற்கவைத்து அரைமணி நேரம், மூச்சு விடாமல். முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்து, "காப்பாருக்குப் போவணும்," என்றார்.

அக்கா பதறினாள். "வயரு லூசா இருந்துச்சுன்னு சொல்லிடுங்க. தகட்ட எடுத்துட்டா முடிஞ்சுது. எதுக்கு அவர்கிட்ட போயி..."

"உள்ள ஒண்ணும் இல்லன்னு நான் வாக்குக் குடுத்தேன்."

"கோவத்துல அவரு மசூதியில ஒரு வார்த்த சொன்னா போதும். அப்புறம் எந்த மலாய்க்காரன் நம்ம கடைக்கு வருவான்?"

"வர மாட்டான்," என்றார் மாமா. "அதுக்காக?"

அவரை எனக்குப் பிடிக்காத நேரங்கள் உண்டு. பிடிவாதக்காரர், கஞ்சர், குறட்டை விடுவார். ஆனால் அந்த 'அதுக்காக'வைக் கேட்டபோது என் அக்கா நல்ல இடத்தில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனோம். ஒட்டியவள் வரவேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டார். வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். சுஹைமியின் மனைவி தேத்தண்ணியும் பொரித்த வாழைப்பழமும் கொண்டுவந்து வைத்தார். அந்த உபசாரம் இன்னும் பயத்தைக் கிளப்பியது. மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்து மேசைமேல் பிரித்தார். உள்ளே தகடு. இது என்ன, யார் வைத்தது, எதற்கு வைத்தது, ஹாரன் ஏன் அடித்தது என்று மலாயில் ஒன்றுவிடாமல் சொன்னார். "நான் உங்களுக்குக் குடுத்த வாக்கு பொய்யாப் போச்சு. எனக்குத் தெரியாது, ஆனாலும் என் கடையில நடந்தது," என்று முடித்தார்.

சுஹைமி தகட்டைத் தொடவில்லை. குனிந்து பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"நீதான் ஒட்டினதா?"

"ஆமா."

"எதுக்கு?"

நான் ஏழு விதமாகப் பதில் யோசித்து வைத்திருந்தேன். அதில் இல்லாத ஒன்றுதான் வாயில் வந்தது. "வண்டி கவுந்து நீங்க சாகக்கூடாதுன்னு," என்றேன்.

அவர் கோப்பையைக் கையில் எடுத்தார், குடிக்காமல் வைத்தார்.

"தான்யா டூலு லா," என்றார். முதலில் கேட்டிருக்க வேண்டாமா என்று. சத்தம் போடவில்லை, ஆனால் எனக்குச் சுட்டது. "கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். எனக்கு நான் தொழுவது போதும். இது உங்களுடையது. நான் தூக்கிப் போடக்கூடாது, வைத்துக்கொள்ளவும் கூடாது. எடுத்துக்கொண்டு போ."

நான் இரண்டு கையாலும் காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். என் வாழ்க்கையில் நான் மனசாரச் சொன்ன மன்னிப்புகள் கொஞ்சம்தான், அது அதில் ஒன்று. அவர் தலையை ஆட்டினார். பிறகு உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது.

"எனக்குத் தெரிந்து அடுத்தவன் வண்டிக்குள் ஒளித்து எதையாவது வைக்கிறவன், அவன் நாசமாகப் போகட்டும் என்றுதான் வைப்பான். பிழைக்கட்டும் என்று வைத்தது நீயும் உன் அக்காவும்தான்." மாமாவின் பக்கம் திரும்பினார். "குடம் எப்படி?"

"பதினோரு குடம் அறுத்துப் பார்த்தேன், என்சிக். ஒண்ணுலகூட கீறல் இல்ல."

"என்னுடையது?"

"மொதல்ல அறுத்ததே அதுதான்."

சுஹைமி எழுந்து நின்றார். "அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை நான் எதைப் பிடித்து ஓட்டுவது, அய்யாவு?"

மாமா வாழைப்பழத்தில் ஒன்றை எடுத்து அப்படியே வாயில் போட்டுக்கொண்டார். அழுகையை மறைக்க அவருக்கு அப்போது அதுதான் அகப்பட்டது. ஒரு வாரத்துக்குப் பிறகு அந்த மனிதர் ஆசையாகச் சாப்பிட்டது அதுதான். தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தார்.

சனிக்கிழமை மதியத்துக்குள் புது ஸ்டீரிங் தயார். குடம் மாமா கடைந்தது, தோல் நான் தைத்தது. சுஹைமி வந்து இரண்டு கையாலும் பிடித்து, காலை ஊன்றி முழு பலத்தோடு இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. பட்டனை மாமா எடுத்தபோது, "குடு, நானே மாட்டிக்கொள்கிறேன்," என்று வாங்கி உள்ளும் புறமும் பார்த்து அவரே திருகினார். அதற்குப் பிறகு தொண்ணூற்றெட்டில், மோதினால் ஊதிக்கொள்கிற காற்றுப்பை வைத்த ஸ்டீரிங்குகள் வந்து எங்கள் வியாபாரத்தை முடித்து வைக்கும்வரை, அயாவோ பட்டனை வாங்குகிறவர்தான் திருகுவார். அதை இத்தாலிக்காரன் வழக்கம் என்று சொல்லிக்கொண்டார்கள். சொல்லட்டும்.

மற்றவர்களையும் மாமா ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லித் தகட்டை எடுத்தார். சிலர் கோபித்துக்கொண்டு ஸ்டீரிங்கையே திருப்பித் தந்துவிட்டுப் போனார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. பண்டமாரான் மீன்காரர் மட்டும், "எடுக்காத, நல்ல பசையில ஒட்டிக் குடு," என்று அடம் பிடித்தார். இரண்டு டியூப் பசையைக் கலந்து, ஒரு நாள் முழுக்கக் காயவைத்து ஒட்டிக் கொடுத்தேன்.

அதெல்லாம் பிறகு நடந்தது. சுஹைமி ஸ்டீரிங் மாட்டிக்கொண்டு போன மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் மூவரும் பத்து தீகாவில் வேலியோரம் நின்றோம். அக்கா என் ஒரு கையையும் மாமா இன்னொரு கையையும் பிடித்துக்கொண்டதில் எனக்குக் கை இரண்டும் மரத்துப்போயின. பழைய கொரோலா ஒவ்வொரு சுற்றும் விஜயன் மோதிய அந்த வளைவுக்கு வந்தது, திரும்பியது, போனது. மறுபடியும் வந்தது, திரும்பியது, போனது. இருபத்திரண்டு வண்டி ஓடிய பந்தயத்தில் சுஹைமி பதினாறாவதாக வந்தார். முழுசாக வந்தார்.